கட்டளை இல்லாத கால் மணித்தியாலம்

சூரிச்சுக்கு மேற்கே, பீல் நகரத்தில் நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது. ரயில் நிலையத்தில் மணிக்கூடு, தேவாலயக் கோபுரத்தில் மணிக்கூடு, வங்கி வாசலில் மணிக்கூடு, இறைச்சிக்கடைச் சுவரில்கூட ஒரு மணிக்கூடு. ஊரில் பாதிப்பேர் மணிக்கூடு செய்கிறார்கள், மீதிப்பேர் அதைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். உலகத்துக்கெல்லாம் நேரம் செய்து அனுப்புகிற இந்த ஊரில் குணசேகரத்துக்கு ஒரே ஒரு நாள் கிடைக்காமல் போனது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குணசேகரம் எண்பத்துநாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து வந்தவன். மனைவி ஞானேஸ்வரியையும் கைக்குழந்தையையும் அவளுடைய தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தான். அகதி மனு கொடுத்து, வேலை செய்யலாம் என்று கன்ரோன் என்கிற மாநிலத்தின் அதிகாரிகள் அனுமதி தந்தபிறகு, ரொன்டோமா என்ற தொழிற்சாலையில் கைமணிக்கூட்டின் கூடுகளை மினுக்குகிற மெஷினில் நின்றான். அனுமதியில் அந்தத் தொழிற்சாலையின் பெயர்தான் எழுதியிருந்தது. அங்கே வேலை போனால் அனுமதியும் கூடவே போய்விடும்.

வேலையில் அவனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, திங்கட்கிழமையைத் தவிர. வேலை தொடங்குவது ஏழரைக்கு. திங்கட்கிழமை இராகுகாலம் தொடங்குவதும் ஏழரைக்கு. கிழமையின் முதல் வேலையை இராகுகாலத்தில் தொடங்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

இதைப்பற்றி அவனுக்கும் அறைத்தோழன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கும் ஆரம்பத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா வயதில் மூத்தவர், ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர், ஜெர்மன் நன்றாகப் பேசுவார்.

“சூரியன் எழும்புறதை வைச்செல்லோ ராகுகாலம் கணிக்கிறது? இஞ்சை மார்கழியிலை சூரியன் எட்டு மணிக்குத்தான் எழும்புது. அப்ப ராகுவும் பிந்தித்தான் வரும். நீ ஆறுதலாப் போ” என்றார் அவர்.

“என்ரை மனிசியும் பிள்ளையும் கோண்டாவிலிலை. எனக்கு அங்கத்தை ராகுதான் கணக்கு, ஸ்கந்தண்ணை.”

“அங்கத்தை ஏழரை எண்டால் இஞ்சை விடியப்புறம் மூண்டு மணி. அந்த நேரம் நீ குறட்டையெல்லோ விடுறாய்?”

கடைசியில் கலண்டரில் போட்டிருக்கிற நேரமே நேரம் என்று இரண்டுபேரும் சமாதானமானார்கள். இராகுவும் பீல் ரயில் நிலைய மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது. கோடையில் அரசாங்கம் எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தபோது, இராகுவும் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றது.

ஆகவே குணசேகரம் திங்கட்கிழமைகளில் கால் மணித்தியாலம் முந்திப் போய், வருகை நேர அட்டையைக் குத்தி, மெஷினைப் போட்டு நான்கைந்து கூடுகளை மினுக்கிவிடுவான். இராகு வரும்போது வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். மினுக்குப் பகுதியின் மேற்பார்வையாளர் ஸ்பிண்டன் ஒருநாள் காரணம் கேட்டார். ஸ்பிண்டன் அந்தத் தொழிற்சாலையிலேயே தலைநரைத்தவர். அவர் பேசும் ஜெர்மன் குணசேகரத்துக்குத் தமிழ் மாதிரி விளங்கும்.

“திங்கக்கிழமை ஏழரை எங்களுக்குக் கூடாத நேரம்” என்றான் குணசேகரம்.

“எனக்கும் அப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு ஸ்பிண்டன் தன் கோப்பிக் கோப்பையோடு போய்விட்டார்.

எண்பத்தாறின் கடைசியில் தொழிற்சாலைக்கு ஒரு மின்னியக்க நேரப்பதிவு மெஷின் வந்தது. அட்டையைச் செருகினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பச்சை விளக்கு எரியும், கூடச் செய்த நேரம் எண்ணாக வரும். திறப்புவிழா வைத்தார்கள். வேலைநேரத்தைக் கணக்குப் பார்க்கிற அலுவலகமான நேரக் கந்தோரின் தலைவர் டொக்டர் ஏஷ்லிமான் பேசினார். “இதுவரை நேரம் உங்களைக் கடந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இனிமேல் அது என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும்” என்றார். அட்டை குத்தாதவர்களுக்கு வைன் கொடுத்தார்கள். அட்டை குத்துகிறவர்களுக்கு, வேலைநேரம் என்பதால், சோடாத் தண்ணீர்.

இந்தக் குத்துகிற, குத்தாத விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சட்டம் அங்கே மனிதர்களை இரண்டாகப் பிரித்திருந்தது. மினுக்குகிறவன், பொருத்துகிறவள், துடைக்கிறவன், அவர்களின் மேற்பார்வையாளர் எல்லாரும் குத்துகிறவர்கள், நேரச் சட்டம் முழுக்க அவர்களுக்கே. மேலதிகாரிகள் குத்தாதவர்கள், சட்டம் அவர்களைத் தொடாது. அவர்களுக்கு வேறு வாசல், சாப்பாட்டறையில் வேறு மேசை, வேறு கோப்பை. இத்தாலிக்காரருக்கும் போர்த்துக்கீசருக்கும் இதை விளங்கிக்கொள்ள மாதக்கணக்கில் எடுத்தது. யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. வேறு கோப்பை என்றதுமே விளங்கிவிட்டது.

புது மெஷினில் குணசேகரத்தின் திங்கட்கிழமைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அடுத்த வருடம் இலையுதிரும் காலத்தில் அவை ஒரு முழுநாளைத் தாண்டிவிட்டன. “இது உன்ரை நாள். தேவைப்படேக்கை எடு” என்றார் ஸ்பிண்டன். குணசேகரம் அந்த நாளைத் தாலிக்கொடி மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். யாருக்காக என்று அவனுக்குத் தெரியும்.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஞானேஸ்வரியும் பிள்ளையும், களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு புறப்படுகிறார்கள். திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சூரிச் குளோட்டன் விமான நிலையத்தில் இறங்குவார்கள். ஏஜென்சிக்காரன் படியிறங்கும்போதே காணாமல் போய்விடுவான். அதற்குப் பிறகு ‘இவர்கள் என் ஆட்கள், எனக்கு வேலையிருக்கிறது, விலாசமிருக்கிறது’ என்று சொல்ல ஓர் ஆள் அங்கே நிற்கவேண்டும். ஆளில்லாவிட்டால் வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று பீலில் எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். தவச்செல்வன் என்ற பொடியனின் தாயை அப்படித்தான் ஏற்றினார்களாம்.

குணசேகரம் ஒரு பழைய சாமான் கடையில் பிள்ளைக்குச் சிவப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினான். மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரியிடம் கையைக் காட்டி, இவ்வளவு என்றான். பிறகு கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

அடுத்தநாள் லீவு கேட்கப் போனான். வருட லீவு கிடையாது. மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளெல்லாம் கோடையில் மொத்தமாகப் பூட்டும்போது அது தானாகவே தீர்ந்துவிடும். மிச்சமிருந்தது அந்தத் திங்கட்கிழமை நாள்தான். ஸ்பிண்டன் தலையாட்டினார், ஆனால் புது முறைப்படி நேரக் கந்தோர்தான் அனுமதி தரவேண்டும் என்று அனுப்பிவைத்தார்.

டொக்டர் ஏஷ்லிமான் அவனை இருக்கச்சொல்லி, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“ஹெர் குணசேகரம், நீங்கள் வேலை செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மெஷின் ஓடியிருக்கிறது, கூடுகள் மினுங்கியிருக்கின்றன, அவற்றை நாங்கள் விற்றும் விட்டோம். ஆனால் மேலதிக நேரம் என்பது மேலிடம் கட்டளையிட்டால்தான் மேலதிக நேரம். கட்டளையில்லாமல் செய்தது வேலையல்ல. அது வெறும் உடல் அசைவு.”

“அப்படியென்றால் சம்பளமில்லாத லீவு தாருங்கள்.”

“கணக்கில் கூடுதல் நேரம் வைத்திருப்பவருக்குச் சம்பளமில்லாத லீவு கொடுக்கமுடியாது. அது உங்களுக்குச் செய்கிற அநியாயம்.”

“அந்த நேரம் இல்லையென்று இப்போதுதானே சொன்னீர்கள்?”

“இல்லையென்று இன்னும் முடிவாகவில்லை. இருக்கிறதென்றும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை அது இருக்கிறதாகவே இருக்கும், எடுக்கத்தான் முடியாது.” டொக்டர் கனிவோடு அவன் தோளில் கைவைத்தார். “எங்கள் சட்டம் தொழிலாளியைக் காப்பாற்றுகிற சட்டம். முதலாளியிடமிருந்து மட்டுமல்ல, தொழிலாளியிடமிருந்தும் காப்பாற்றுகிறது.”

அறைக்கு வந்த குணசேகரத்தைப் பார்த்து ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்தார். “உதுக்கேன் இவ்வளவு பாடு? அண்டைக்குச் சுகமில்லை எண்டு போனைப் போடு. அலுவல் முடிஞ்சுது.”

“அவள் வாற நாளிலை எனக்குச் சுகமில்லை, வருத்தம் எண்டு வாயாலை சொல்லுறதோ? என்ன கதை கதைக்கிறியள், அண்ணை!”

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு ஆள் வருகிற நாளில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அடுத்த கிழமை விசாரணை வைத்தார்கள். வேலை முடிந்தபிறகு, டொக்டரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் நீள மேசையில் இருந்தார்கள். மொழிபெயர்க்க ஸ்ரீஸ்கந்தராஜா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திங்கட்கிழமைகளில் ஏன் முந்தி வந்தாய் என்று கேட்டார்கள். குணசேகரம் இராகுகாலத்தைச் சொன்னான். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நெடுநேரம் பேசினார்.

“நாங்கள் எல்லா நம்பிக்கைகளையும் மதிக்கிறோம். ஆனால் ஒரு பொழுதை நல்லதென்றும் ஒரு பொழுதைக் கெட்டதென்றும் பிரிப்பது மூடநம்பிக்கை. நேரம் ஒன்றுதான், அதற்குள் வேற்றுமை கிடையாது. அதற்குள் கட்டாயநேரம் உண்டு, நெகிழ்நேரம் உண்டு, ஆயத்தநேரம், இடைநேரம், எண்ணத்தக்க நேரம், எண்ணத்தகாத நேரம் உண்டு. ஆயத்தநேரத்தில் மெஷினைத் துடைக்கலாம், இயக்கக்கூடாது. இதெல்லாம் விஞ்ஞானம். இந்த விதிகளை எழுத நான் இரண்டு கோடைகாலம் உழைத்தேன். யாரும் எனக்குக் கட்டளையிடவில்லை, என் விருப்பத்தில் செய்தேன். நான் அட்டை குத்தாதவன். பத்து மணிக்கு வருவேன், சில நாள் ஏரியில் மீன்பிடிக்கப் போவேன், அங்கேயும் என் மூளை தொழிற்சாலைக்காகவே யோசிக்கும், அதற்கும் சம்பளம் உண்டு. ஆனால் ஒரு மினுக்குகிறவர் தன் விருப்பத்தில் வேலை செய்யத் தொடங்கினால் நாடு என்னவாகும்?”

குணசேகரம் மொழிபெயர்ப்புக்காகத் திரும்பினான்.

“ஏலாதாம்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

அப்போது ஓர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. “வேலைநேரம் முடிந்துவிட்டது. ஹெர் குணசேகரம் இப்போது எந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்? நாம் கூப்பிட்டு வந்திருக்கிறார். அப்படியென்றால் இது கட்டளையிட்ட மேலதிக நேரமல்லவா?” மூன்றுபேரின் முகமும் வெளிறியது. எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது டொக்டரின் முகத்தில் தெளிவு இருந்தது.

“நீங்கள் இங்கே இருக்கவில்லை என்று பதிவுசெய்திருக்கிறோம்” என்றார். “முடிவைத் திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் சொல்கிறேன். அது வேலைநேரம்.”

அந்தத் திங்கட்கிழமை. விமானம் பதினொரு மணிக்கு.

குணசேகரம் வழக்கம்போல முந்தி வந்து அட்டை குத்தினான். பையிலிருந்த சிவப்புக் கோட்டை ஸ்பிண்டனுக்கு எடுத்துக் காட்டி, பையை அலுமாரியில் வைத்துவிட்டு, ஏழரைக்கு நேரக் கந்தோரில் போய் நின்றான். இரவெல்லாம் நித்திரையில்லை. சரியென்று சொன்னால் அடுத்த ரயில், மாட்டோம் என்று சொன்னால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. டொக்டர் இதற்காகவே விடிய எழும்பி வந்திருந்தார்.

“உங்களுக்கு நல்ல செய்தி” என்றார். “கந்தோர் உங்கள் பக்கம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் செய்த நேரத்தை முழுக்கத் திருப்பித் தருகிறோம்.”

குணசேகரம் நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

“ஆனால் நேரத்தை எடுத்த உருவிலேயே திருப்பித்தருவதுதான் நீதி. நீங்கள் கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமாகத் திங்கட்கிழமைக் காலைகளில் தந்தீர்கள். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிழமையிலிருந்து திங்கட்கிழமைகளில் ஏழரைக்கு அல்ல, ஏழேமுக்காலுக்கு வேலையைத் தொடங்குங்கள். கணக்குத் தீரும்வரை. இது சலுகையல்ல, கட்டளை.”

ஏழேமுக்கால் என்பது இராகு நன்றாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம். குணசேகரம் அதைச் சொல்லவில்லை. “இன்றைக்கு என் மனைவி வருகிறாள், சேர்” என்று மட்டும் சொன்னான்.

“வாழ்த்துகள்” என்றார் டொக்டர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

பிறகு நடந்தது குணசேகரமே எதிர்பாராதது. மெஷினடிக்குப் போய், வேலை மேலங்கியைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினான். பையை எடுத்தான். வேலைநேரத்தில் அட்டை குத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து நேரக் கந்தோரில் மணியடிக்கும். அதனால் குத்தவில்லை. ஸ்பிண்டன் பார்த்தார், பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமை வேலையைக்கூட இராகுகாலத்தில் தொடங்காதவன், பெண்சாதி பிள்ளையைக் கூட்டிவர நட்டநடு இராகுகாலத்தில் படியிறங்கினான். ரயிலில் ஏறும்வரை பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே போனான்.

குளோட்டனில் கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறைக்கு முன்னால் வந்து நின்றான். உள்ளே நீள வாங்கொன்றில் ஞானேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். மெல்லிய சேலை, காலில் செருப்பு. அவளுடைய மடியில் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. ஞானேஸ்வரி அவனைக் கண்டதும் எழும்பினாள், அழக்கூடப் பயந்து அப்படியே நின்றாள்.

எல்லைப் பொலிஸ்காரர் இளம் வயது, நல்ல சுபாவம். குணசேகரத்தின் கடதாசிகளை வாங்கிப் பார்த்தார். “வேலை செய்கிறீர்களா?” ஓம். “உறுதிப்படுத்தவேண்டும். இது வழமைதான்.” தொலைபேசியை எடுத்து ரொன்டோமாவின் நேரக் கந்தோரைக் கூப்பிட்டார். கேட்டார். முகம் மாறியது. வைத்தார்.

“குணசேகரம் என்று ஒருவர் அங்கே வேலை செய்வது உண்மைதான். நல்ல வேலைக்காரராம். இந்த நிமிடம்கூட வேலை செய்துகொண்டிருக்கிறாராம். காலையில் உள்ளே போனவர் இன்னும் வெளியேறவில்லை, புது மெஷின், பிழைவிடாது என்று ஒரு டொக்டர் சொல்கிறார்.” அவர் கடதாசிகளை மேசையில் வைத்தார். “அப்படியென்றால் நீங்கள் யார்?”

“நான்தான் குணசேகரம்! அவளைக் கேளுங்கள், என் மனைவி.”

“அவர் யாரென்று நீங்கள் சொல்லவேண்டும். நீங்கள் யாரென்று அவரை எப்படிக் கேட்பது?” பொலிஸ்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். விமானம் திரும்புவதற்கு அதிக நேரமில்லை.

குணசேகரம் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். நேரக் கந்தோர் வேண்டாம், மினுக்குப் பகுதிக்கு ஒரே ஒருமுறை எடுங்கள், இந்த இலக்கம் என்றான். எடுத்தார். ஸ்பிண்டன்தான் பேசினார். இந்த மனிதரைத் தெரியும் என்றார். பொலிஸ்காரர் தயங்கினார். உங்கள் சொல்லை நம்புகிறேன், ஆனால் பதிவு வேறு சொல்கிறதே என்றார். பிறகு குணசேகரத்தின் கையில் ரிசீவரைக் கொடுத்தார்.

“வந்திட்டினமோ?” என்று கேட்டார் ஸ்பிண்டன்.

“கண்ணாடிக்கு அங்காலை நிக்கினம், ஐயா. வெளியாலை விடமாட்டினமாம். நான் அங்கைதான் நிக்கிறனாம்.”

இன்னொருவரின் அட்டையைக் குத்துவது அந்தத் தொழிற்சாலையில் மன்னிப்பே இல்லாத குற்றம். புது ஆட்கள் வரும்போது முதல்நாள் அதைச் சொல்லிக்கொடுப்பதே ஸ்பிண்டன்தான்.

“உன்ரை அட்டை எங்கை?”

“மேலங்கிப் பொக்கற்றுக்கை.”

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் போனது. பிறகு, எங்கேயோ தூரத்தில், ‘டிங்’ என்றது.

பொலிஸ்காரர் மறுபடி நேரக் கந்தோரைக் கூப்பிட்டார். இந்தமுறை அங்கே மணியடித்துக்கொண்டிருந்தது இங்கேகூடக் கேட்டது. “சரி, இப்போதுதான் வெளியேறினாராம்” என்று சொல்லிப் பொலிஸ்காரர் கடதாசியில் முத்திரை வைத்தார். பீலிலிருந்து குளோட்டனுக்கு ஒரு நிமிடத்தில் எப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. பதிவு சரியாக இருந்தது.

கதவு திறந்தது. பிள்ளை அவனிடம் வர மறுத்துத் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கோட்டை அதன் தோளில் போட்டான். பாதம்வரை வந்தது.

அடுத்த திங்கட்கிழமை குணசேகரம், கட்டளைப்படி, ஏழேமுக்காலுக்குத் தொழிற்சாலைக்குப் போனான். முந்தின செவ்வாய்க்கிழமையே, வேலை போயிருக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தான். வேலை போகவில்லை. அவன் இல்லாத நேரத்தை மெஷின் யாரையும் கேளாமல் கூடுதல் நேரத்தில் கழித்து, கணக்கைச் சரிபண்ணி வைத்திருந்தது. நேரக் கந்தோருக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை. குளோட்டனில் நின்றவனின் அட்டையைப் பீலில் குத்தியது யார் என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. அந்த விசாரணைக்குக் கிழமைகள் தேவைப்படவில்லை, ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. கேட்டதும் ஸ்பிண்டன் ஓம் என்றிருக்கிறார்.

அவர் தன் சாமான்களை ஒரு காட்போட் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கோப்பிக் கோப்பை மேலே இருந்தது. குணசேகரத்துக்கு அவரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

“கோட்டு அளவோ?” என்று கேட்டார் ஸ்பிண்டன்.

“கொஞ்சம் பெரிசு.”

“வளருவாள்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பழக்கதோஷத்தில் மெஷினுக்கு முன்னால் நின்று ஒரு கையால் சட்டைப் பையைத் தடவினார். அட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்கள். அத்தனை வருடத்தில் முதல்தடவையாக ஸ்பிண்டன் அட்டை குத்தாமல் வெளியே போனார்.